இறங்கத் தெரிந்தவர்களின் மலை

அந்தக் கயிறு என் இடுப்பு உயரம்கூட இல்லை. பனியில் வரிசையாகக் கழிகளை நட்டு அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் அது விம்மென்று அதிர்ந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம், ரோந்துக் குழு காலையிலேயே வந்து சோதித்துவிட்டுப் போன சரிவு. அந்தப் பக்கம் வெறும் மலை. இரண்டிலும் ஒரே வெள்ளை, ஒரே வெயில். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வழிகாட்டிக்குத் தெரிந்தது.

"அந்த முகட்டைப் பாருங்க சாப். ராத்திரி பூரா காற்று அங்கிருந்து பனியை வாரி இந்தப் பக்கம் கொட்டியிருக்கு. இன்னிக்கு அங்கே போகக் கூடாது" என்றார். அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். முகட்டின் விளிம்பில் பனி, வீட்டுக் கூரையின் இறவாணம்போல வெளியே நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

நாங்கள் நின்ற இடம் காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், குல்மார்க்குக்கு மேலே எழுந்து நிற்கும் அபர்வத் மலை. கோண்டோலா கம்பிவண்டியின் இரண்டாவது கட்டம் முடிகிற நிலையம் அது. கடல் மட்டத்துக்கு மேல் 3,900 மீட்டருக்கும் அதிகம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. வானம் திறந்திருக்கும் நாளில் வடக்கே 8,126 மீட்டர் உயர நங்க பர்வதம் தெரியும். நான் போன அன்று தெரிந்தது. அதைப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர் என்றால் ஆல்ப்ஸ் மலையின் ஊர்கள் நினைவுக்கு வரும். மலையெங்கும் பின்னிக் கிடக்கும் கம்பிவண்டிகள், ராத்திரியோடு ராத்திரியாக இயந்திரம் விட்டு மட்டப்படுத்திய பாதைகள், நிறத்தை வைத்தே கடினத்தைச் சொல்லும் பலகைகள், உச்சியில் உணவகம். அந்தக் கணக்கில் குல்மார்க்கை அளந்தால் அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு கட்டமாக ஏறும் ஒரு கோண்டோலா, நடுவில் ஒரு நாற்காலி வண்டி, அடிவாரத்தில் சில இழுவைக் கம்பிகள். அவ்வளவுதான். இருந்தும் உலகின் நாலாபக்கத்திலிருந்தும் தேர்ந்த சறுக்கு வீரர்கள் இங்கே வருகிறார்கள். ஏனென்றால் இருக்கிற அந்த ஒரே கம்பிவண்டி, பழக்கப்படுத்தப்படாத ஒரு இமய மலையின் தோள்மீது கொண்டுபோய் ஆளை இறக்கிவிடுகிறது. ஏறுவதற்கு டிக்கெட் போதும். இறங்கும் வித்தை அந்த ஊர் மனிதர்களிடம்தான் இருக்கிறது. நான்கு நாள் அங்கே தங்கியதில் எனக்குப் புரிந்தது இது.

ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். டங்மார்க் என்ற சிற்றூர்வரை சாதாரணச் சாலை. அதற்கு மேல் 13 கிலோமீட்டர் தேவதாரு, பைன் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. பனி கொட்டிய நாளில் சக்கரத்தில் சங்கிலி கட்டாத வண்டியை மேலே விடமாட்டார்கள். டங்மார்க்கில் வரிசையாகக் கடைகள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸும் கனமான கோட்டும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். சமவெளியிலிருந்து பனி பார்க்க வரும் குடும்பங்கள் எல்லாம் அங்கே இறங்கி, ஒரே அச்சில் வார்த்ததுபோல் உருமாறி மேலே போகின்றன.

மேலே போனால் ஒரு கிண்ணம். 2,650 மீட்டர் உயரத்தில் சுற்றிலும் காடு சூழ்ந்த அகன்ற புல்வெளி. பழைய பெயர் கௌரிமார்க். காஷ்மீர் சுல்தான் யூசுப் ஷா சக் 16-ஆம் நூற்றாண்டில் அதை குல்மார்க், அதாவது பூக்களின் புல்வெளி என்று மாற்றியதாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க வந்து கோல்ஃப் மைதானம் போட்டார்கள். 1902-இல் கட்டிய புனித மேரி தேவாலயம் இன்றும் ஒரு மேட்டில் தனியாக நிற்கிறது. இந்திப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிவப்புக் கூரைச் சிவன் கோயில், மகாராணி கோயில், 2024 ஜூனில் தீப்பற்றி எரிந்தது.

சறுக்கு இங்கே வந்ததும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளோடுதான். இந்தியப் பனிச்சறுக்கு மன்றத்தை 1927-இல் இங்கே தொடங்கினார்கள். அப்போது கம்பியும் இல்லை, வண்டியும் இல்லை. பலகையைத் தோளில் சுமந்து நாளெல்லாம் ஏறி, சில நிமிடங்களில் இறங்கினார்கள். 1948-இல், காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஜெனரல் திம்மையா தன் படைப்பிரிவுக்காக ஒரு சறுக்குப் பள்ளியை இங்கே ஆரம்பித்தார். இன்று உயர்மலைப் போர்ப் பள்ளி என்று பெயர் பெற்ற ராணுவ நிறுவனத்துக்கு வித்து அது. சியாச்சின் போன்ற இடங்களில் நிற்கும் வீரர்கள் பனியில் நடக்கவும் பனியில் பிழைக்கவும் கற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். அபர்வத்தின் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கோண்டோலாவின் கதை காஷ்மீரின் கதையோடு ஒட்டியது. பிரான்ஸின் போமா நிறுவனத்தோடு 1980-களிலேயே பேச்சு முடிந்து வேலை தொடங்கியது. 1990-இல் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சத்தம் எழுந்ததும் எல்லாம் அப்படியே நின்றது. கோபுரங்கள் பாதியில் நிற்க, வருடங்கள் ஓடின. ஒருவழியாக 1998-இல் கொங்டூரிவரையிலான முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. 2005-இல் அங்கிருந்து அபர்வத் தோள்வரை இரண்டாம் கட்டம். அந்த இரண்டாம் கட்டம்தான் குல்மார்க்கை உலக வரைபடத்தில் ஏற்றியது.

அந்தச் சரிவுகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அடிவாரக் கிண்ணம் குழந்தைகளுக்கும் என்னைப்போன்ற புதியவர்களுக்கும். முதல் நாள் முழுக்க நான் அங்கேதான் விழுந்தேன். சாய்வு மிகக் குறைவு; விழுந்தால் சிரிப்பு மட்டும்தான் வரும். பயிற்சியாளர் இரண்டு பலகைகளின் முனையையும் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரி வைக்கச் சொல்வார். வேகம் அதில்தான் மட்டுப்படும். 1960-களின் இறுதியில் மத்திய அரசு இங்கே தொடங்கிய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனத்தில் நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்து கற்கிறார்கள். அதிகாலையில் அவர்கள் வரிசையாகப் பலகையைப் பக்கவாட்டில் பதித்து, நண்டு நடையாக மேடேறுவதைப் பார்க்கவேண்டும். வண்டியில் ஏறும் முன் கால் கற்கவேண்டிய பாடம் அது.

கொங்டூரி, 3,000 மீட்டரைத் தாண்டிய ஒரு திட்டு. இடைநிலை ஆட்கள் இங்கே பழகுகிறார்கள். டீக்கடைகளும் மேகிக் கடைகளும் குதிரைக்காரர்களும் சேர்ந்து திருவிழாக் கூட்டம். இங்கிருந்து கீழே குல்மார்க்வரை மரங்களுக்கு நடுவே ஒரு பாதை இருக்கிறது. இயந்திரம் பனியை இறுக்கிச் சீராக்கிவைக்கும் மிகச் சில பாதைகளில் அதுவும் ஒன்று.

அதற்கு மேல்தான் மலை தன் குணத்தைக் காட்டுகிறது. இரண்டாம் கட்டத்தின் உச்சியிலிருந்து கம்பிக்கு நேர் கீழே ஒரு பெரிய குழிந்த சரிவு விரிகிறது. மரம் ஒன்று கிடையாது. ரோந்துக் குழு காவல் காக்கும் பகுதி இது மட்டுமே. இடப்பக்கமும் வலப்பக்கமும் முகடு கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பள்ளம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர். ஹபத் குட் என்பது அதில் ஒன்று. காஷ்மீரியில் ஹபத் என்றால் கரடி. இந்தச் சரிவுகள் கீழே போகப்போகப் பூர்ஜ மரங்களின் வெள்ளைத் தண்டுகளுக்குள் நுழைந்து, பிறகு பைன் காட்டில் கலந்து, சில பாபா ரேஷி தர்காவை ஒட்டியும் சில த்ரங் கிராமத்திலும் போய் முடிகின்றன. குல்மார்க் கிண்ணத்துக்கே இறங்கினாலும் 1,300 மீட்டர் செங்குத்து இறக்கம். பனி நன்றாக விழுந்த பருவத்தில் டங்மார்க்வரை போகிறவர்களுக்கு அது 1,700 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரே மூச்சில் இவ்வளவு இறக்கம் தரும் கம்பிவண்டி உலகிலேயே குறைவு.

பனியின் தரமும் அப்படி. மத்தியதரைக் கடலிலிருந்து புறப்பட்டு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் மேற்கத்திய இடையூறு எனப்படும் காற்றுச் சுழல்கள் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதும்போது, கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் கொட்டிவிடுகின்றன. உயரமும் குளிரும் சேர்ந்து அது மாவுபோல உலர்ந்த பனியாக விழுகிறது. கையில் அள்ளி இறுக்கினால் உருண்டை பிடிக்க வராது; ஊதினால் பறக்கும். சறுக்குகிறவர்கள் பவுடர் என்று ஒரே சொல்லில் சொல்லி உருகுவது இதைத்தான். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் சில்லாய் கலான் என்ற கடுங்குளிர்க் காலத்தில் விழும் பனிதான் முதல் தரம் என்று காஷ்மீரிகள் சொல்வார்கள். அந்தப் பனி கெட்டியாகி மலையில் தங்கி, கோடையில் ஓடைகளுக்கு நீர் தரும்.

ஆனால் அதே பனிதான் கொல்லவும் செய்கிறது. ரோந்து எல்லைக்குள்ளேயே ஓர் ஓரத்தில் என் வழிகாட்டி சின்னப் பாடம் ஒன்று நடத்தினார். அவர் டங்மார்க்காரர், வயது நாற்பதை ஒட்டியிருக்கும்; இருபது பருவங்களாக இந்த மலையில் இருக்கிறார். முதுகுப்பையிலிருந்து மடக்கு மண்வெட்டியை எடுத்து மார்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டினார். குழியின் சுவரை மண்வெட்டியால் சீவி வழவழப்பாக்கினார். எனக்குத் தெரிந்தது வெறும் வெள்ளைச் சுவர். அவர் கையுறையைக் கழற்றி, மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். சில இடத்தில் விரல் நுழையவில்லை, சில இடத்தில் நழுவியது. அடியில் ஓரிடத்தில் மொத்தமாக உள்ளே போனது. அங்கிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் போட்டார்.

சர்க்கரை. அசல் சர்க்கரை மாதிரியே இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டாத, பளபளக்கும் மணிகள்.

பருவத்தின் தொடக்கத்தில் பனி மெல்லிய போர்வையாக விழுந்து, அதற்கப்புறம் நாட்கணக்கில் வானம் தெளிந்து குளிர் இறுகும்போது இது நடக்கிறது. தரை ஓரளவு கதகதப்பாக இருக்கிறது. மேலே காற்று உறைகிறது. அடியிலிருந்து நீராவி பனிக்குள் ஊடுருவி மேலேறும்போது பழைய பனித்துகள்கள் உருமாறிப் பெரிய மணிகளாகின்றன. அவற்றுக்குள் பிடிப்பு கிடையாது. அதன்மேல் இரண்டு மூன்று நாளில் ஒரு பெரும் பனிப்பொழிவு வந்து கனமான பாளம்போல் படிந்தால் என்ன ஆகும்? சாய்வு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகை இருக்கும் இடங்களில், சறுக்கிக்கொண்டு போகிற ஒரே ஆளின் எடை போதும். அடியில் சர்க்கரை நொறுங்கும். பாளம் முழுசாக விண்டு கிளம்பும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள்.

பிறகு அவர் பனியில் ஒரு தூண் மாதிரி வெட்டி நிறுத்தினார். மண்வெட்டியின் தட்டை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து பத்து. நான்காவது தட்டில் தூண் அந்தச் சர்க்கரை வரியில் கத்தியால் அரிந்ததுபோல் சீராக வழுக்கி, என் காலடியில் வந்து விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றுக்கு அப்பால் ஒருமுறை பார்த்தார். குழியை மூடினார்.

2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள்மீது பனிச்சரிவு விழுந்து 17 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1-இல் ஹபத் குட் பள்ளத்தில் போலந்து நாட்டினர் இருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். 2024 பிப்ரவரி 22-இல் ஒரு ரஷ்யச் சறுக்கு வீரர். கயிற்றுக்கு அப்பால் போகிறவர்கள் மூன்று சாமான் இல்லாமல் போகக் கூடாது என்பது இந்த வட்டத்தில் வேதவாக்கு: 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டே இருக்கும் சிறிய அலைக்கருவி, பனிக்குள் குத்தித் துழாவும் நீள்கம்பி, மண்வெட்டி. மூன்றையும் இயக்கத் தெரிந்த ஒரு கூட்டாளி நாலாவது. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் மூன்றில் ஒருவர்கூடச் சந்தேகம். அடிவாரத்திலிருந்து மீட்புக் குழு வந்து சேரும்வரை காத்திருக்க அங்கே நேரம் இல்லை. உயிர் பக்கத்தில் இருக்கிறவன் கையில்தான்.

இதனால்தான் அந்த ரோந்துக் குழுவை நான் இந்த ஊரின் முதல் வசதியாக எண்ணுகிறேன். பனி விழுந்த மறுநாள் பொழுது விடியும்போதே அவர்கள் மேலே போகிறார்கள். ஆபத்தான சரிவுகளில் வெடிமருந்தைப் போட்டு, ஆள் வருவதற்கு முன்பே பனியைக் கிளப்பிவிடுகிறார்கள். அதன்பிறகே இரண்டாம் கட்டம் திறக்கும். காற்று பலமானால் திறக்காது. அறையில் முடங்கிய பயணிகள் முணுமுணுப்பார்கள். 2017 ஜூன் 25-ஐ அவர்கள் அறியமாட்டார்கள். பலத்த காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து கோண்டோலாமேல் விழுந்து, ஒரு பெட்டியில் இருந்த ஏழு பேர் இறந்த நாள் அது. டெல்லியிலிருந்து வந்த ஒரு குடும்பமும் உள்ளூர்க்காரர் மூவரும். காற்றுக்காக வண்டியை நிறுத்துகிறவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தங்க, சாப்பிட இன்று பஞ்சமில்லை. மரப்பலகைச் சுவர்களும் புகாரி அடுப்புமாகப் பழைய விடுதிகளும் இருக்கின்றன, மத்திய வெப்பமூட்டலோடு ஆடம்பர விடுதிகளும் இருக்கின்றன. பலகை, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் கடைகளில் வாடகைக்கு. அதில் பூட்ஸ்மட்டும் நிதானமாகப் பார்த்து எடுக்க வேண்டும். நான் அவசரத்தில் ஓர் அளவு பெரிதாக எடுத்து, கணுக்கால் உரிந்துபோய் ஒரு நாளைத் தொலைத்தேன். மலையில் எல்லா நரம்பும் காலில் வந்து நிற்கிறது.

இப்படிப்பட்ட ஒரு கடையிலிருந்துதான் சறுக்கு வீரர் ஆரிஃப் கான் வந்தார். அவர் தந்தை குல்மார்க்கில் சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் போனது ஒரே ஆள், அது அவர்தான். கொடி பிடித்து நடந்ததும் அவர்தான். ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆம் இடம். சரிவில் கதவுக்கதவாக நட்ட கழிகளைச் சுற்றி வளைந்திறங்கும் இந்தப் போட்டிக்கு, இறுக்கமான, பளிங்குபோல் உறைந்த, சீரான பாதை வேண்டும். வருடம் முழுக்கப் பயிற்சி வேண்டும். கரடுமுரடான அபர்வத் அதற்கு இடம் தருவதில்லை. ஆரிஃப் பெரும்பாலும் வெளிநாடுகளில்தான் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. குல்மார்க்கில் பிறந்து குல்மார்க்கில் வளர்ந்த ஒரு பிள்ளை குல்மார்க்கிலேயே ஒலிம்பிக்குக்குத் தயாராகும் நாள் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 2020-இல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அந்த வழியில் ஓர் அடி.

அந்த விளையாட்டுகளுக்கே 2025-இல் சோதனை வந்தது. பிப்ரவரி 22-இல் தொடங்க வேண்டியவை பனி இல்லாததால் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன. அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில் குல்மார்க் கிண்ணம் காய்ந்த புல்லோடு பழுப்பாகக் கிடந்த படங்களை நாடே பார்த்தது. சில்லாய் கலான் நாட்களில் பனி இல்லாத குல்மார்க்! அந்தக் குளிர்காலத்தை நினைவுகூரும்போது என் வழிகாட்டியின் குரல் தழைந்தது. ஸ்லெட்ஜ் வண்டி இழுப்பவர்கள் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காங்கிரி என்ற கனல் சட்டியை ஃபேரன் என்ற நீள அங்கிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். முன்பதிவுகள் ரத்தானபடியே இருந்தன. பனி கடைசியில் வந்தது, தாமதமாக. தாமதமாக வரும் பனி சீக்கிரம் கரைந்தும் போகிறது. கீழே ஆப்பிள் தோட்டங்களுக்கும் நெல் வயலுக்கும் தண்ணீர் இந்தப் பனிதான்.

பின்னர் 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் பயணிகள் வரத்து அறுந்தது. இந்த மலையில் நடக்கிற ஒவ்வொன்றும் டங்மார்க்கின் அடுப்பில் தெரியும்.

மூன்றாம் நாள் மாலை மேகம் இறங்கியது. ராத்திரி எட்டு மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. வெளியே வந்து விளக்கடியில் நின்றேன். சத்தமே இல்லை. விடுதிக்காரப் பையன் ஒருவன் வந்து, கை நிறையப் பனியை என் கையில் வைத்து, "ஷீன் முபாரக்" என்றான். ஷீன் என்றால் பனி. வருடத்தின் முதல் பனிக்குச் சொல்லும் வாழ்த்து அது. முதல் பனி எப்போதோ விழுந்திருந்தது. இருந்தும் அவன் அந்த வாழ்த்தைச் சொன்னான்; நானும் திருப்பிச் சொன்னேன்.

காலையில் சன்னலுக்குப் பாதி உயரம் வெள்ளை. உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாயைக் குடித்துக்கொண்டிருந்தபோது மலைப்பக்கம் ஒரு அதிர்வு கேட்டது. தூரத்து இடி மாதிரி. கண்ணாடி லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எதிரே உட்கார்ந்திருந்த வழிகாட்டி ரொட்டியைக் கையில் பிடித்தபடியே நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். மூன்றாவது வெடிக்குப் பின்னால் நீளமாக ஒரு உறுமல் தொடர்ந்தது.

"அது இறங்கிடுச்சு" என்றார்.

வெளியே கோண்டோலா நிலையத்தின் முன்னால் பலகைகளைத் தோளில் சார்த்திக்கொண்டு நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. எல்லார் முகமும் மேகத்துக்குள் மறைந்திருந்த அபர்வத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரண்டாம் கட்டம் பதினொன்றரைக்குத் திறந்தது.